பார் என்னும் சொல்லும் குளியாட்களின் மூச்சும்

தில்லியின் கிட்வாய் நகர் கடற்காற்று எட்டாத ஒரு குடியிருப்பு. நடுவண் அரசு ஊழியர்களுக்காக எழுப்பப்பட்ட அந்நகர் ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1952 முதல், 1954இல் மறையும் வரை, அவர் நடுவண் உணவு, வேளாண் அமைச்சராக இருந்தார். 1947இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அன்று அந்த அமைச்சகத்தின் கீழ்தான் இயங்கிற்று. அதன் தலைமையிடமோ தில்லியிலிருந்து வெகு தொலைவில், இராமேசுவரத்துக்குச் செல்லும் வழியிலுள்ள மண்டபத்தில் இருந்தது. மன்னார் வளைகுடாவின் அடித்தரையை அறிஞர்கள் தம் கண்ணாலேயே காணத் தொடங்கிய வரலாற்றில் இந்நிலையத்துக்குப் பெரும் பங்குண்டு.

கடல் உயிரியல் பயிலும் இன்றைய மாணவர் முதுகில் காற்றுக்கலனைச் சுமந்து, தாய்லாந்திலோ மாலத்தீவிலோ பவளப்பாறைகளுக்கிடையே நீந்திப் பாடம் கற்கிறார். ஆராய்பவரும் மூழ்குபவரும் அங்கே ஒருவரே. மன்னார் வளைகுடாவில் நெடுங்காலம் இவ்விருவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தனர். ஒருவர் மூழ்கினார், மற்றவர் எழுதினார்.

வெப்பமண்டலக் கடலைத் தேடி வந்த ஐரோப்பியருள் தாமே நீருக்கடியில் இறங்கியோர் மிகச் சிலர். ஆஸ்திரியரான ஓய்கன் ரான்சனே 1860களின் நடுவில் இலங்கைக் கரையோரத்தில் மூழ்குமணி ஒன்றுக்குள் அமர்ந்து, கண்ணாடி வழியே கண்ட பவளத் தோட்டங்களை அங்கேயே வரைந்தார். அவ்வோவியங்கள் 1867இல் நூலாயின. ஆனால் அது ஒரு தனிமனிதரின் துணிச்சலாகவே நின்றுவிட்டது. பின்வந்தோர் படகிலேயே அமர்ந்தனர்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடலுயிர்கள் குறித்து 1890இல் நூல் வெளியிட்டார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் ஏழு தொகுதிகளில் பட்டியலிட்டவரும் இவரே. 1902இல் லிவர்பூலிலிருந்து பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் இலங்கைக்கு வந்தார். முத்துச்சிப்பிப் படுகைகள் ஏன் திடீரெனப் பொய்த்துப் போகின்றன என்று கண்டறிவதே அவருக்கு இடப்பட்ட பணி. சில மாதங்களில் அவர் ஊர் திரும்ப, உடன் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து பெருந்தொகுதிகளை இலண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்டது.

இவர்களுக்குக் கடலடியைக் காட்டியவை இரண்டு. ஒன்று, கப்பலின் பின்னே இழுத்துச் செல்லப்படும் வாரிவலை. மற்றொன்று, குளியாளின் உடல். தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் காலில் கல்லைத் துணையாகக் கொண்டு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிட மூச்சுக்குள் கைக்கெட்டியதைக் கூடையிலிட்டு மேலேறினர். வாரிவலை அள்ளி வருவது, வாக்கியத்திலிருந்து பிய்த்தெடுத்த சொற்களைப் போன்றது. எந்தச் சொல் எதன் அருகில் நின்றது, எது எதைத் தழுவியிருந்தது என்பதை அது சொல்லாது. அந்தத் தொடரமைப்பை அறிந்தவர் குளியாள் ஒருவரே.

அவர் அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று மொழியிலேயே கிடைக்கிறது. முத்துப் படுகையைக் குறிக்க ஆங்கில அறிக்கைகள் ‘பார்’ என்னும் தமிழ்ச் சொல்லையே எடுத்தாள்கின்றன. கடலடியில் மணலுக்கிடையே எழும்பி நிற்கும் கெட்டியான பாறைத்தளம் அது. தொள்ளாயிரம் பார், பெரிய பார் என ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு. கரையிலிருந்து பல கல் தொலைவில், நீருக்கடியில் மறைந்து கிடக்கும் ஓரிடத்துக்குப் பெயர் நிலைக்க வேண்டுமானால், தலைமுறை தலைமுறையாக அதே இடத்துக்குத் திரும்பிச் சென்றிருக்க வேண்டும். அறிஞரின் நிலப்படம் இந்தப் பெயர்களின் மீதுதான் வரையப்பட்டது.

‘சூரன்’ என்னும் சொல்லும் இத்தகையதே. பாரின் மீது கூட்டமாகப் படர்ந்து, நூல்போன்ற இழைகளால் பின்னிப் பாய்விரித்து, முத்துச்சிப்பிக் குஞ்சுகளை மூச்சடைக்கச் செய்யும் ஒருவகை மட்டி அது. படுகை பொய்ப்பதற்குரிய காரணங்களுள் ஒன்றைக் குளியாட்கள் ஆய்வுக்கு முன்பே பெயரிட்டு வைத்திருந்தனர்.

அறிஞரின் கருத்து எப்போதும் நிலைத்ததுமில்லை. நாடாப்புழுவின் இளவுயிரே முத்தின் கருவாக அமைகிறது என்று ஹெர்ட்மன் கருதினார். பின்னாளில் அது பொது விளக்கமாக ஏற்கப்படவில்லை. சிப்பியின் மேலுறைத் திசு உட்புகுந்து ஒரு பையாக அமையும்போது முத்து உருவாகிறது என்பதே நிலைபெற்றது. அறிக்கையின் மீது எழுந்த நம்பிக்கையில் 1906இல் இலங்கை முத்துக்குளிப்பைக் குத்தகைக்கு எடுத்த நிறுவனமும் படுகைகள் பொய்த்ததால் சில ஆண்டுகளில் கலைந்தது.

ஆய்வாளர் தாமே நீரில் இறங்கும் காலம் விடுதலைக்குப் பின் வந்தது. 1943இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கிய மூச்சுக்கருவி உலகெங்கும் பரவியபின், தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் ஸ்கூபா கருவியுடன் பார்களில் இறங்கினர். 1960களில் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள் கண்ணால் கண்ட சூழலை எழுதின: எந்த மீன் பாறை இடுக்கில் ஒதுங்குகிறது, எது மணல்வெளியில் மேய்கிறது, சிப்பிகள் எவ்வளவு நெருங்கி ஒட்டியிருக்கின்றன. ஒரு நிமிடம் பல நிமிடங்களாக நீண்டபோது, பட்டியலாக இருந்த கடல் வாழிடமாக மாறியது. 1973இல் கே. அழகர்சாமி தூத்துக்குடியருகே இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை உருவாக்கியபோது, அதற்கான சிப்பிகளும் இப்பார்களிலிருந்தே மூழ்கி எடுக்கப்பட்டன.

இதே காலத்தில் மறுபக்கம் ஒன்று முடிவுக்கு வந்தது. 1955 முதல் 1961 வரை நடந்த தூத்துக்குடிச் சலாபங்களுக்குப் பின் அங்கே அரசு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆய்வாளர் மூழ்கக் கற்ற பொழுதில், கொற்கைக் காலத்திலிருந்து தொடர்ந்த ஒரு தொழில் நின்றது. சங்கு குளிப்போர் மட்டும் தொடர்ந்தனர்.

பாம்பனை அடுத்த குருசடைத் தீவு மாணவர்களின் கடலாக விளங்கியது. அதன் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927இல் தனித் தொகுப்பே வெளியிட்டது. விலங்கியல் மாணவர் பலருக்குக் கடல் முதன்முதலில் அறிமுகமானது அங்கேதான். 1986இல் 21 தீவுகளை உள்ளடக்கிக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததால் ஏற்பட்ட அழிவை எண்ணினால் இப்பாதுகாப்பு தேவையானதே. ஆயினும் அதன் எல்லைக்கோடு சிலரது அன்றாடத்தின் குறுக்கே விழுந்தது.

இராமநாதபுரக் கரையில் பாசி எடுக்கும் பெண்கள் அவர்கள். நீர்க்கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கி, அகர் தயாரிக்க உதவும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறிப்பவர்கள். பூங்காவின் விதிகளால் அவர்கள் அத்துமீறுவோராகக் கருதப்பட்டனர். அவர்களோ எந்த நாட்களில் எடுப்பது, எந்நாட்களில் கடலை ஓயவிடுவது என்று தமக்குள்ளேயே வரையறை செய்துகொண்டனர். அவர்களை ஒருங்கிணைத்த சின்னப்பாலம் லட்சுமி 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசைப் பெற்றார்.

தர்ஸ்டன் முதல் ஸ்கூபா ஆய்வாளர் வரை எழுதியோர் அனைவரின் பெயரும் நூலகங்களில் இருக்கிறது. கூடையை நிரப்பி மேலேறியோர் அங்கே பெரும்பாலும் படகுக் கணக்காகவே எஞ்சினர். அவர்கள் விட்டுச் சென்ற கையொப்பம் பார், சூரன், தொள்ளாயிரம் போன்ற சொற்கள்தாம். கடலுயிர் பயில வரும் மாணவர் பவளத்தின் இலத்தீன் பெயரோடு, அது நிற்கும் இடத்தின் தமிழ்ப் பெயரையும், அதைச் சொல்லித் தந்தவரின் பெயரையும் தம் குறிப்பேட்டில் எழுதுவாரானால், நூறாண்டுக்கு மேலான ஒரு கடன் சிறிதேனும் அடையும்.