குட்டியானையில் பின்னால் ஏறுகிறவர்கள்

சென்ற மாதக் கடைசி ஞாயிறு பி பிளாக்கில் ஒரு குடும்பம் வீடு மாறிப் போனது நினைவிருக்கும். பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரு குட்டியானையில் ஏறின. அப்பா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பையன்கள் இரண்டு பேரும், அவர் கூலி பேசி அழைத்து வந்த மூன்று ஆட்களும் பின்னால் மெத்தை மேல் ஏறிக்கொண்டார்கள். அம்மா ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தார். கேட்டில் நின்று "பார்த்துப் போங்க" என்று கையசைத்தவர்களில் நீங்களும் இருந்திருக்கலாம். நானும் இருந்தேன்.

பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் முப்பது வருடம் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கிளெய்ம் ஃபைல் பார்த்தவன் நான். வாயைத் திறக்காமல் நின்றது உறுத்துகிறது. அந்த வண்டி கவிழ்ந்திருந்தால் யாருக்கு என்ன கிடைத்திருக்கும்? இதற்கான பதில் உருவாக அறுபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் என்று சொன்னது 1939-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம். அந்த அத்தியாயம் நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1-ஆம் தேதிதான். அப்போதும் நஷ்டஈடு வேண்டுமென்றால் சிவில் கோர்ட்டில் கட்டணம் கட்டி வழக்குப் போட்டுக் காத்திருக்க வேண்டும். 1956-இல் வந்த திருத்தம்தான் விபத்து வழக்குகளுக்கென்று தனித் தீர்ப்பாயத்துக்கு வழி செய்தது. இன்று நம் ஊர் கோர்ட்டுகளில் எம்.சி.ஓ.பி. என்று எண் போட்டு வரும் மனுக்களுக்கு அதுதான் தொடக்கம்.

இந்தக் கட்டாய இன்சூரன்ஸ் முதலில் நினைத்தது ரோட்டில் போகிறவரை. பஸ்ஸில் டிக்கெட் எடுத்தவரையும் சேர்த்துக்கொண்டது. லாரியில் சரக்கோடு போகிறவர்? பழைய சட்டத்தில் சரக்கு வாகனம் என்பதற்கான விளக்கத்தில், பயணிகளோடு சேர்த்துச் சரக்கு ஏற்றும் வண்டிக்கும் இடம் இருந்தது. 1988-இல் வந்த புதிய சட்டம் அந்த வார்த்தைகளை எடுத்துவிட்டது. சரக்கு ஏற்ற மட்டுமே உரிய வண்டிதான் சரக்கு வண்டி என்றானது. சில வார்த்தைகள் போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லாரியில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

1994-இல் ஒரு சிறிய கதவு திறந்தது. சரக்கின் சொந்தக்காரரோ அவர் அதிகாரம் கொடுத்து அனுப்பியவரோ அதே வண்டியில் போனால் அவருக்கும் இன்சூரன்ஸ் உண்டு என்று திருத்தினார்கள். அப்படியென்றால் சும்மா தொற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு? உண்டு என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாங்களும் ஃபைல்களை அதன்படி தீர்த்தோம். மூன்றே வருடத்தில், 2002 டிசம்பரில், மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பு தவறு என்றது. எல்லாருக்கும் உண்டு என்பது சட்டத்தின் எண்ணமானால், சொந்தக்காரரை மட்டும் தனியாக 1994-இல் சேர்த்திருக்க வேண்டிய தேவையே இல்லையே என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

2004-இல் அதே கேள்வி திரும்ப வந்தபோது, சட்டம் தெளிவில்லாமல் இருந்த காலத்து வழக்கு என்பதால், கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றார்கள். அதன் பிறகும் சில வழக்குகளில் இப்படி உத்தரவு வந்ததுண்டு. அதை நம்பி யாரும் வண்டி ஏற முடியாது.

இன்னும் இரண்டு தீர்ப்புகள் நமக்கு முக்கியம். சரக்கின் சொந்தக்காரரே ஆனாலும் கேபினில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றது 2007-இல் வந்த தீர்ப்பு. 2012-இல் வந்தது ஏற்றி இறக்கும் ஆட்களைப் பற்றியது. வண்டி உரிமையாளரின் ஆட்களென்றால், அப்போதைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அளவுக்குப் பாலிசி பொறுப்பேற்கும் என்றது அது. சரக்குக்காரர் அமர்த்திய ஆட்களுக்கு அந்தக் கட்டாயப் பாலிசி பொறுப்பாகாது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வாருங்கள். கேபினில் இருந்த அப்பாவுக்கு இன்சூரன்ஸ் உண்டு. ஸ்கூட்டரில் வந்த அம்மா மீது அதே குட்டியானை மோதியிருந்தால் அவருக்கும் உண்டு. மெத்தை மேல் இருந்த பையன்களுக்கும் மூன்று ஆட்களுக்கும் இல்லை. வண்டி உரிமையாளர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாகலாம். ஆனால் பெரும்பாலும் அவர் வண்டிக்கே தவணை கட்டிக்கொண்டிருப்பவர். லட்சக்கணக்கில் அவரிடம் எப்படி வாங்குவது? அப்படித் தீர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஆபீஸ் படியேறி வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

பணம் இருக்கட்டும். பின்னால் சீட்டும் இல்லை, பெல்ட்டும் இல்லை. சடன் பிரேக் போட்டால் ஃப்ரிட்ஜ் யார் மேல் சாயும் என்று கயிறு கட்டியவருக்கே தெரியாது.

அடுத்த முறை நீங்கள் வீடு மாறும்போது பிள்ளைகளை உங்களோடு பஸ்ஸிலோ ஆட்டோவிலோ அழைத்துப் போங்கள். ஆட்களை வண்டிக்காரரையே ஏற்பாடு செய்யச் சொல்லி, அவர்களுக்கும் ஆட்டோ கூலி கொடுத்துவிடுங்கள். வண்டியின் இன்சூரன்ஸ் தேதியை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். வீடு காலி செய்யும்போது செக்யூரிட்டியிடம் கொடுக்கும் படிவத்தில் லிஃப்ட், பார்க்கிங் பற்றி மட்டும் இருக்கிறது. பின்னால் ஆள் ஏற்றினால் கேட்டைத் திறப்பதில்லை என்று ஒரு வரி சேர்க்க வேண்டுமென்று அடுத்த செயற்குழுவில் கேட்கப்போகிறேன். வந்து ஆதரவு கொடுங்கள்.