கப்பத் தெடல்

"அது ஜப்பான்காரன் போட்ட தெடல்" என்பார் பெரியப்பா. "இல்லடா, வெள்ளைக்காரன் போட்டது. எங்கப்பா மண்ணு சொமந்தாரு" என்பார் சின்னப்பாட்டி. எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்திலும் கருமாதியிலும் ஒருமுறையாவது இந்தப் பேச்சு எழும். யாரும் தீர்த்து வைத்ததில்லை. தெடல் என்பது சுங்கைப் பட்டாணியில் இருந்த பழைய விமானத்தளம். ஆகாசக் கப்பல் இறங்கும் திடல், சின்னப்பாட்டியின் வாயில் கப்பத் தெடலாகச் சுருங்கிவிட்டது.

சின்னப்பாட்டிக்கு இப்போது 92 வயது. போர் வந்தபோது எட்டு. போன தீபாவளிக்குப் போயிருந்தபோது என் பெயரை இரண்டு முறை கேட்டார். திரும்பி வரும் வழியில் சித்தப்பா மகன் காரை ஓட்டிக்கொண்டே சொன்னான், "அக்கா, இனிமே தள்ளிப்போட்டா கேக்குறதுக்கு ஆள் இருக்காது." அப்படித் தொடங்கியதுதான் இந்தப் பயணத் திட்டம். கோலாலம்பூரிலிருந்து தைப்பிங், பட்டர்வொர்த், சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார். மூன்று நாள், ஒரு கார்.

தம்பிக்கு விமானப் பைத்தியம். எனக்குக் குடும்பக் கதைதான் முக்கியம். அதனால் ஒரே சடக்குக்கு இரண்டு வரைபடம் தயாரானது. அவனுடையதில் ஸ்குவாட்ரன் எண்கள். என்னுடையதில் தோட்டங்களின் பெயர்கள், பாதி இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டவை. இரண்டையும் மேசையில் அருகருகே வைத்தபோதுதான் இந்த வரலாறு எவ்வளவு விசித்திரமானது என்று புரிந்தது.

1930களில் பிரிட்டிஷ்காரர்கள் மலாயாவைக் காக்க விமானப்படையை நம்பினார்கள். எதிரிக் கப்பல்களைக் கடலிலேயே தாக்கி அழிக்க வேண்டும் என்பது கணக்கு. அதற்காக வடக்கிலும் கிழக்குக் கரையிலும் விமானத்தளங்கள் போட்டார்கள். எங்கே போடுவது என்று தரைப்படையைச் சரியாகக் கலந்துகொள்ளவில்லை. கோத்தா பாருவில் தளம் கடற்கரைக்கு மிக அருகில் அமைந்தது. தளங்கள் தயாராயின, விமானங்கள்தான் வரவில்லை. 336 விமானங்கள் வேண்டும் என்று லண்டனே ஒப்புக்கொண்டிருந்தது. போர் தொடங்கிய நாளில் இருந்தவை 158. பல பழையவை.

விமானம் இல்லாவிட்டாலும் தளத்தை எதிரியிடம் விட முடியாது. ஆகவே அவற்றைக் காக்க இந்தியப் படைகள் சிதறி நிறுத்தப்பட்டன. 1941 டிசம்பர் 8, நள்ளிரவு தாண்டியதும் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். பேர்ல் ஹார்பர் தாக்கப்படுவதற்கும் முன்னால். அன்று காலையே சுங்கைப் பட்டாணித் தளத்தில் குண்டு விழுந்தது. அங்கே அப்போது ஆஸ்திரேலியாவின் 21ஆம் ஸ்குவாட்ரனும் பிரிட்டனின் 27ஆம் ஸ்குவாட்ரனும் இருந்தன. மிஞ்சிய விமானங்கள் பட்டர்வொர்த்துக்குப் போயின.

வடக்கே நடந்தது இன்னும் கொடுமை. 11ஆவது இந்திய டிவிஷன் ஜித்ராவில் நின்றதற்கு முக்கியக் காரணமே அலோர் ஸ்டார் விமானத்தளத்தைக் காப்பதுதான். ஜித்ராவில் சண்டை மூண்டபோது அந்தத் தளத்தில் காப்பதற்கு விமானம் எதுவும் மிச்சமில்லை. காலியான ஒரு திடலுக்காகப் பஞ்சாபிகளும் கூர்க்காக்களும் பிரிட்டிஷ் வீரர்களும் மழையில், சேற்றில் நின்று தோற்றார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு பிடிபட்ட மோகன் சிங்கை வைத்துத்தான் இந்திய தேசிய ராணுவத்தின் முதல் விதை விழுந்தது. விட்டுப்போன தளங்களை ஜப்பானியர் உடனே பயன்படுத்தத் தொடங்கினார்கள். அவர்கள் பக்கத்துப் போர்த்திட்ட அதிகாரிகளில் ஒருவரான சுஜி மசனோபு, அவற்றைச் 'சர்ச்சில் விமானத்தளங்கள்' என்று கேலியாக எழுதியிருக்கிறார்.

இதைப் படித்த இரவில் பெரியப்பாவின் கட்சியும் சின்னப்பாட்டியின் கட்சியும் எனக்கு வேறுமாதிரித் தெரிந்தன. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். வெள்ளைக்காரன் போட்ட தெடலில் குண்டு விழுந்து குழி விழுந்திருக்கும். அதை மூடி ஜப்பான்காரன் மறுபடியும் விமானம் இறக்கியிருப்பான். மூடியது யார் கை? ஒரே மனிதர் இரண்டு முதலாளிகளுக்கு ஒரே மண்ணைச் சுமந்திருக்கலாம். பெரியப்பா கேட்டது இரண்டாவது பாதியை. சின்னப்பாட்டி பார்த்தது முதல் பாதியை. இது என் ஊகம்தான். ஊகத்தைச் சரிபார்க்கத்தான் பயணம்.

பயணத்தின் முதல் நிறுத்தம் தைப்பிங் போர்க் கல்லறை. தம்பியின் தேர்வு. ஆர்தர் ஸ்கார்ஃப் என்ற பிரிட்டிஷ் விமானி அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். டிசம்பர் 9 அன்று பட்டர்வொர்த்திலிருந்து ஒரு விமானக் கூட்டம் சிங்கோராவைத் தாக்கப் புறப்பட இருந்தது. ஸ்கார்ஃபின் விமானம் மேலே ஏறிய நேரத்தில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்து மற்றவை தரையிலேயே முடங்கின. அவர் தனியாகவே போய்த் தாக்கினார். திரும்பும் வழியில் சுடப்பட்டு, கை சிதைந்த நிலையிலும் அலோர் ஸ்டார் வரை ஓட்டிவந்து, உடனிருந்தவர்களுக்குக் காயமில்லாமல் இறக்கினார். அங்கே மருத்துவமனையில் அவர் மனைவி தாதியாக வேலை பார்த்தார். ஸ்கார்ஃப் அன்றே இறந்தார்.

தம்பி இதைச் சொல்லும்போது குரல் கம்மிவிடும். எனக்கு உறைத்தது அடுத்த தகவல். விக்டோரியா கிராஸ் என்ற உயரிய விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது 1946இல். சிங்கப்பூர் விழுந்தபோது ஆவணங்கள் அழிந்துபோயின. உயிர் பிழைத்தவர்கள் வாய்திறந்து சொன்ன பிறகே அவர் செய்தது பதிவுக்கு வந்தது. ஒரு விமானப்படை அதிகாரிக்கே சாட்சி தேவைப்பட்டிருக்கிறது என்றால் மண் சுமந்தவருக்கு?

எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு இருக்கும் ஆவணங்கள் மூன்று. மூன்றிலும் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. 'தொழில்' என்ற இடத்தில் ஒரே சொல்: கூலி. தம்பி சேர்த்த கோப்பில் அந்தத் தளத்தில் நின்ற விமானங்களின் வரிசை எண்கூட இருக்கிறது. தளத்தைச் சமப்படுத்தியவர்களில் ஒருவர் பெயரும் எங்கள் கண்ணில் படவில்லை. சின்னப்பாட்டி சொல்வது மட்டும் இருக்கிறது: விடிகாலையில் லோரி வரும், தோட்டத்து ஆள்களை ஏற்றிப்போகும், அப்பா செம்மண் காலோடு திரும்புவார். "கித்தா மரத்த வெட்டி வெட்டி வெளியாக்கிப்புட்டாங்க. வெய்யிலு நேரா அடிக்கும்னு அப்பா சொல்லும்." நிழலில் பால் வெட்டிப் பழகியவருக்கு அந்த வெயில்தான் விமானத்தளம்.

சுங்கைப் பட்டாணியில் இன்று பார்க்க என்ன இருக்கும் என்று தம்பியிடம் கேட்டேன். தளம் இருந்த இடம் ராணுவ முகாம். பெயரில் மட்டும் 'லாப்பாங்கான் தெர்பாங்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே போக முடியாது, படம் எடுக்கவும் கூடாது. வேலிக்கு வெளியே சடக்கோரமாகக் காரை மெதுவாக ஓட்டிப் போகலாம், அவ்வளவுதான். பட்டர்வொர்த் தளத்துக்கும் இதே கதை. முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. யோசித்தால், கொள்ளுத்தாத்தாவும் வேலை முடிந்த மறுநாளிலிருந்து அந்தத் திடலை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருப்பார்.

கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். லோரியில் ஏற்றிப்போனது கங்காணியா, வேறு ஆளா? கூலி தோட்டத்துக் கணக்கா, தனிக் கணக்கா? குண்டு விழுந்த காலையில் லயத்தில் யார் யார் இருந்தார்கள்? மறுபடியும் எப்போது வேலைக்குக் கூப்பிட்டார்கள்? சயாமுக்கு ரயில் போட ஆள் பிடித்தபோது கொள்ளுத்தாத்தா எப்படித் தப்பினார்? கடைசிக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று இன்னும் தெரியவில்லை. அவருடைய தம்பி தப்பவில்லை. அதைப் பற்றிச் சின்னப்பாட்டி இதுவரை பேசியதே இல்லை. தெடலைப் பற்றி அவர் அத்தனை முறை பேசுவது இதைப் பேசாமல் இருக்கத்தானோ என்றும் தோன்றுகிறது.

பயண வரிசையை மாற்றிவிட்டோம். தைப்பிங்கும் ஸ்கார்ஃபும் திரும்பும் வழியில். முதலில் நேராகச் சின்னப்பாட்டி வீடு. கல்லறை காத்திருக்கும், அவர் காத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. தம்பி மறுப்புச் சொல்லவில்லை. கோத்தா பாருவை அடுத்த பயணத்துக்கு ஒதுக்கியாயிற்று.

நேற்று போனில் சொன்னேன், "பாட்டி, வெள்ளிக்கிழமை வர்றோம். கப்பத் தெடலப் பாக்கணும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "மழ இல்லாத நாளாப் பாத்து வா. அந்தப் பக்கம் ஒரே சேறு. அப்பா காலு வெளுத்துப் போயிரும்" என்றார்.

நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டேன்.