கள்ளிச்செடியும் ஒரு பத்திரம்தான்

நம்ம மலையிலிருந்து நாமக்கல்லுக்கு வக்கீலப் பார்க்கப் போறவங்க பத்திரத்த எப்படிக் கொண்டு போறாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? மஞ்சப்பை, யூரியா சாக்கு, பழைய டிபன் டப்பா. 70 கொண்டை ஊசி வளைவு இறங்குறதுக்குள்ள பாதி கசங்கிப் போயிரும். இப்போ வாட்சப் வந்தாச்சு. பத்திரத்தோட கிணறு, களம், சுடுகாடு எல்லாம் போட்டோவாப் போகுது. "இதை எதுக்கு அனுப்புனாங்க?"ன்னு வாங்குறவருக்குப் புரியாது.

ஆனா ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே நிலந்தான் பத்திரம். முதலாம் ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் ஊர் வருமானத்த நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்குக் கொடுத்தார். லெய்டன் செப்பேடுன்னு சொல்றாங்களே, அதுதான். 21 ஏடு, சுமார் 30 கிலோ! அரசன் ஓலை வந்ததும் நாட்டார் எதிர்கொண்டு போய், கும்பிட்டு வாங்கி, தலைமேல வச்சாங்க. பிறகு பெண் யானையை விட்டு எல்லையச் சுத்தி நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டாங்க. அதுக்கப்புறந்தான் நாட்டார் அறவோலை எழுதிக் கொடுத்தது. யானை நடந்த தடம் முதல்ல, எழுத்து பிறகு. நம்ம வளப்பூர் நாட்டுல இன்னைக்கும் வரப்போரம் கள்ளி நிக்குது பாருங்க.

வெள்ளைக்காரன் காலத்துல இது தலைகீழாச்சு. சர்வே எண் இருந்தாத்தான் நிலம். கணக்கெல்லாம் கர்ணம் கையில. அந்தப் பதவியையும் 1980-ல எடுத்துட்டு வி.ஏ.ஓ. வந்தாங்க. காட்டோரம் தலைமுறையா உழுதவனுக்குத்தான் காட்டக் காகிதமே இல்லாமப் போச்சு.

2006 வன உரிமைச் சட்டம் பழைய வழிக்கே திரும்புச்சு. பழங்குடியா இருந்து, 13-12-2005-க்கு முன்னாடியே அந்த நிலத்துல இருந்தா உரிமை கேட்கலாம். கிணறு, சுடுகாடு, சாமி இருக்கிற இடம், வரப்பு, சமன் பண்ணின வயல், பெரியவங்க சொல்லி எழுதின வாக்குமூலம் இதெல்லாம் சான்றுன்னு விதி 13 சொல்லுது. ஒண்ணு போதாது, ஒண்ணுக்கு மேல வேணும். நம்ம மாநிலத்துல சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால 2008-லிருந்து பட்டா கொடுக்கிறது நின்னு, 2016-ல உச்சநீதிமன்றம்தான் வழி விட்டுது. அந்த எட்டு வருசத்துல போய்ச் சேர்ந்த பெரியவங்க எத்தனை பேரோ. அவங்கதானே சாட்சி!

மனு கொடுக்காதவங்க கிராமசபையோட வன உரிமைக் குழுவுலதான் கொடுக்கணும். வாக்குமூலம் மனுதாரர் சொல்றது செல்லாது, வேற பெரியவர் சொல்லணும். எழுதினத அவருக்குப் படிச்சுக் காட்டி, கைநாட்டு வாங்கி, நகல் ஒண்ணு வீட்டுல வச்சுக்கங்க. சாக்குல வேண்டாம், எலி கடிக்கும்.