சுமத்திராக் காற்றும் பேராக் தோட்டங்களும்

பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் மரத்தையும் மண்ணையும் பற்றி நிரம்பக் கூறுவர். கங்காணியையும் துரையையும் பற்றியும் கூறுவர். அத்தோட்டங்களில் வாழ்ந்த தமிழரின் நாட்கூலியை விடியுமுன்னரே முடிவு செய்த கடலைப் பற்றி அவ்வளவாகக் கூறுவதில்லை. ஈப்போவும் அதனைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கும் மலைகளுக்கிடையே அமைந்தவை. அங்கிருந்து நோக்கினால் கடல் தெரியாது. ஆயினும் அவ்வட்டாரத்து வைகறை மழையுள் ஒரு பகுதி முதல்நாள் இரவு மலாக்கா நீரிணையின்மேல் பிறந்ததாகும். மாலுமிகள் அஞ்சிய காற்றும் பால்வெட்டுத் தொழிலாளி அஞ்சிய மழையும் பல நாட்களில் ஒன்றே.

பருவம் என்னும் சொல்

திசை நோக்கிக் காற்றுக்குப் பெயரிட்டவர் தமிழர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கடலோடிகளுக்கோ திசையோடு காலமும் வேண்டியிருந்தது. அரபு மாலுமிகள் காலத்தைக் குறிக்க ‘மவ்சிம்’ என்றனர். ஐரோப்பியர் வழங்கும் ‘மொன்சூன்’ அதிலிருந்து வந்தது. மலாய் மொழியில் நாம் நாள்தோறும் கேட்கும் ‘மூசிம்’ என்பதும் அச்சொல்லே. தமிழில் அதனைப் பருவக்காற்று என்கிறோம். காற்றையும் காலத்தையும் ஒன்றாகவே கண்ட மக்களின் வழக்கு இது.

இப்பருவக்காற்றை நம்பியே வங்கக்கடலைக் கடந்தனர். ஏழாம் நூற்றாண்டில் ஈ-சிங் என்னும் சீனத் துறவி, வூ-சிங் என்னும் மற்றொரு துறவியின் பயணத்தைக் குறித்துள்ளார். கடாரம் எனக் கருதப்படும் துறையிலிருந்து நாகப்பட்டினம் சேர அவருக்கு முப்பது நாள் ஆயிற்றாம். இராசேந்திர சோழன் கடாரத்தின்மேல் கப்பற்படை செலுத்திய 1025ஆம் ஆண்டிலும் பாய்களை நிரப்பியது இதே காற்றுத்தான். மலாக்கா நீரிணை இரு பருவக்காற்றுகளும் வலி குறைந்து சந்திக்கும் இடம். ஆதலால் காற்று மாறும்வரை கப்பல்கள் இங்குத் தங்கின. தங்கிய இடங்கள் வணிகத் துறைகளாயின.

நீரிணையில் பிறக்கும் காற்று

பருவக்காற்றுக்கு நாட்குறிப்பு உண்டு. நீரிணையின் மற்றொரு காற்றுக்கு அது கிடையாது. அதற்கு மாலுமிகள் இட்ட பெயர் ‘சுமத்திரா’. கிழக்கிந்தியக் கும்பெனியின் நீர்வழி அறிஞரான ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட கடல்வழி நூலிலேயே இப்பெயர் காணப்படுகிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், ஒரு திங்களில் சில முறை இது தோன்றும்.

இதன் பிறப்பு எளிதில் விளங்கக்கூடியது. இரவில் சுமத்திராத் தீவின் நிலமும் மலாய்த் தீபகற்பத்தின் நிலமும் குளிர்கின்றன. நீரிணையின் நீரோ வெதுவெதுப்பாகவே இருக்கிறது. இரு கரையினின்றும் குளிர்ந்த நிலக்காற்று கடலை நோக்கி இறங்கி நடுவில் மோதுகிறது. வெப்பமும் ஈரமும் மிக்க காற்று மேலெழுந்து இடிமேகமாகிறது. மேகத்திலிருந்து மழை கொட்டும்போது குளிர்ந்த காற்று கீழே பாய்ந்து முன்னே விரிகிறது. அது முன்னாலுள்ள வெப்பக் காற்றைத் தூக்கிப் புதிய மேகத்தை உண்டாக்குகிறது. இவ்வாறு மேகங்கள் ஒரு நீண்ட வரிசையாய்த் திரண்டு கிழக்கு நோக்கி நகர்கின்றன. பேராக்கின் கடற்கரையிலிருந்து தெற்கே சிங்கப்பூர் வரை, பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின்னரும் விடியற்காலையிலும் இவ்வரிசை கரையேறும். காற்றின் வேகம் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை எட்டும். ஓரிரு மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும். ஆனால் சிறு படகு கவிழ அவ்வளவு நேரம் தேவையில்லை.

பாரமானி பேசாத கடல்

குளிர்நாட்டுக் கடல்களில் மாலுமியின் உற்ற துணை பாரமானி. அதன் அளவு இறங்கினால் புயல் வருகிறது என்று பொருள். நிலநடுக்கோட்டருகே அத்துணை பயன்படவில்லை. இங்கு நாள்தோறும் காலை பத்து மணியளவில் காற்றழுத்தம் ஏறும். மாலை நான்கு மணியளவில் இறங்கும். இரவில் மீண்டும் ஒருமுறை ஏறி இறங்கும். இவ்வேற்றத் தாழ்வு மூன்று நான்கு மில்லிபார் அளவினது. சுமத்திராக் காற்று உண்டாக்கும் மாறுதலோ இதனினும் சிறிது. அதுவும் காற்று தலைமேல் வந்தபின்னரே தெரியும். ஆகவே இந்நீரிணையில் முன்னறிவிப்புக் கருவியாய் இருந்தது மனிதனின் கண்ணே. மேற்கே மின்னலும், வில்லைப்போல் வளைந்து எழும் கருமேகமும் கண்டால் பாயைச் சுருக்கினர்.

பெரும்புயலின் செய்தி வேறு. 1864இல் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. அதன்பின் 1865இல் அத்துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது. துறைமுகக் கம்பத்தில் கூண்டு ஏற்றும் வழக்கம் கரையெங்கும் பரவியது. ‘புயல் எச்சரிக்கைக் கூண்டு’ என்பது தமிழ்ச் செய்தித்தாள் படிப்போர் அனைவரும் அறிந்த தொடராயிற்று. மலாயாவிலும் 1929இல் வானிலைச் சேவை அமைந்தது. கப்பலுக்கும் பின்னர் வானூர்திக்கும் வழிகாட்டுவதே அக்காலத்து வானிலைப் பணியின் முதன்மை நோக்கமாயிருந்தது.

தளத்தில் வந்தவர்

கூண்டு ஏறிய நாகப்பட்டினத்திலிருந்தே பேராக் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றினர். பாய்க்கப்பலுக்கு முப்பது நாளான வழி நீராவிக் கப்பலுக்கு ஒரு வாரத்திற்குள் அடங்கியது. 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம் வரை ஓடிய ‘ரஜுலா’வை மலேசியத் தமிழர் மறக்கவில்லை. தளப் பயணிகளாய் வந்தோர் பினாங்கில் இறங்கி, ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்து, பிறை வழியாக இரயிலேறிப் பேராக் சேர்ந்தனர். உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது.  கூண்டின் எண்ணைப் படித்துக் கப்பலை நிறுத்தவோ செலுத்தவோ கப்பல் தலைவனால் இயன்றது. தளத்தில் இருந்தவனுக்கு அலையே செய்தி.

பெரட்டுக்களத்தில்

1877இல் சிங்கப்பூருக்கு வந்த இரப்பர் நாற்றுகளில் ஒன்பது பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அங்கு ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ அவற்றைப் பேணினார். அம்மரத்திற்கு ஓர் இயல்புண்டு. வெயில் ஏறுமுன், மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் விடியற்காலையிலேயே பால் நன்கு வடியும். ஆகவே இருள் பிரியுமுன் பெரட்டு. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் செல்லுதல். முற்பகலில் பால் எடுத்தல். சுமத்திராக் காற்று கரையேறும் வேளையும் மரம் பால் தரும் வேளையும் ஒன்றாய் அமைந்தமை இத்தோட்டங்களின் ஊழ் எனலாம்.

வெட்டுக்கு முன் மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும். பால் காம்பு வழியே மங்குக்கு வராமல் பட்டையெங்கும் பரவி வீணாகும். வெட்டிய பின் பெய்தால் மங்கில் நீர் நிறைந்து பால் வழிந்தோடும். முன்னதில் வேலை இல்லை. பின்னதில் வேலை செய்தும் பால் இல்லை. கிராணியின் செக்ரோலில் அன்று முழுப்பேரா, அரைப்பேரா, பேரே இல்லையா என்பதை மேகம் எழுதியது.

இந்நிலையைச் சட்டமும் ஓரளவு கண்டுகொண்டது. தோட்டத் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாளுக்குக் குறையாமல் வேலை தருதல் வேண்டும். தர இயலாதபோது அந்நாட்களுக்குரிய கூலியைத் தருதல் வேண்டும் என்ற விதி 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் இடம்பெற்றது. ஆயினும் பாலின் எடை கொண்டு கணக்கிடப்பட்ட தொகை மழையோடு போயிற்று. 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் காலத்தில் மாதச் சம்பளம் நெடுநாள் கோரிக்கையாய் நின்றது. அக்கோரிக்கையின் வேர்களுள் ஒன்று இந்த மழைநாள். நாடு முழுமைக்குமான குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது 2013இல்தான்.

மாறிய கடல், மாறிய கணிப்பு

இன்று செயற்கைக்கோளும் ராடாரும் இரவிலேயே நீரிணையின் மேகவரிசையைக் காட்டுகின்றன. மலேசிய வானிலைத் துறை கடற்பகுதிகளுக்குப் பலத்த காற்று, கொந்தளிப்பு எச்சரிக்கைகளை மூன்று நிலைகளில் விடுக்கிறது. முதல் நிலையில் காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர், அலை 3.5 மீட்டர் வரை. மூன்றாம் நிலையில் காற்று 60 கிலோமீட்டரையும் அலை 4.5 மீட்டரையும் கடக்கும். இடிமழைக்கு விடுக்கப்படும் எச்சரிக்கையோ ஆறு மணி நேரத்திற்கு மேற்படாதது. இவ்வகை மேகத்தின் வாழ்நாள் குறுகியதாதலின் அறிவிப்பின் வாழ்நாளும் குறுகியதே.

நிலநடுக்கோட்டை ஒட்டிப் புயல் பிறவாது என்பது நெடுங்கால நம்பிக்கை. பூமியின் சுழற்சி காற்றை வளைக்கும் ஆற்றல் அங்கு மிகக் குறைவு. ஆனால் 2001 டிசம்பர் 27இல் ‘வாமெய்’ என்னும் புயல் வடக்கே ஒன்றரைப் பாகை அளவில் தோன்றி ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. 2025 நவம்பரில் மலாக்கா நீரிணையிலேயே ‘சென்யார்’ புயல் உருவாகிச் சுமத்திராவில் பெருவெள்ளத்தையும் பேருயிர்ச்சேதத்தையும் விளைத்தது. பேராக்கின் எதிர்க்கரையில் நிகழ்ந்த அழிவு அது. அரிது என்பதற்கு இல்லை என்று பொருள் கொள்ளுதல் தவறு என்பதை இவ்விரண்டும் உணர்த்தின.

பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களுட் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் தந்துவிட்டன. லயங்களில் வாழ்ந்தோரின் வழித்தோன்றல்கள் ஈப்போவிலும் பிற நகரங்களிலும் வாழ்கின்றனர். பங்கோரிலும் லுமுட்டிலும் பாகான் டத்தோவிலும் கடலுக்குச் செல்வோருக்கு மேற்கு வானம் இன்றும் முதற்செய்தி. வானிலையை முன்னறியும் கலை கப்பலையும் சரக்கையும் காக்கப் பிறந்தது. உழைப்பவனைக் காக்க அது வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. தோட்டத் தமிழர் வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்கும்போது, கப்பல் வந்த ஆண்டுகளோடு, மழையால் பேர் விழாத விடியல்களையும் சேர்த்துச் சொல்லுதல் முறையாகும்.