திடீர்ச் செவிப்புலன் இழப்பும் வினவலின் வரலாறும்

யாழ்ப்பாணத் தீவகத்தின்கண் உள்ள புங்குடுதீவின் மடத்துவெளியிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் செல்லும் ஒருவர், வாணர் தாம்போதியைக் கடந்து வேலணையை அடைந்து, அங்கிருந்து பண்ணைப் பாலத்தினூடாக நகருட் புகுதல் வேண்டும். தாம்போதி அமைவதற்கு முன்னர் இப்பயணம் தோணியிலேயே தொடங்கியது. கைகால் முறிந்தவரையும் பேறுகாலப் பெண்ணையும் ஊரார் தாமதியாது கொண்டுசெல்வர். ஆனால், துயிலெழும்போது ஒரு காது கேளாதிருக்கக் கண்டவர் அவ்வாறு விரைவதில்லை. நோவில்லை, காய்ச்சலில்லை, மற்றக் காது கேட்கின்றது. தடிமனென்றோ குறும்பி அடைத்ததென்றோ எண்ணி அவர் நாட்களைக் கழித்தல் இயல்பே. அந்நாட்களின் பெறுமதியை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட வரலாறு ஆராயத்தக்கது.

மூன்று நாட்களுக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களிலேனும் 30 தெசிபெல் அளவுக்குக் குறையாது உட்செவி சார்ந்த கேள்திறன் இழக்கப்படுமாயின், அது திடீர்ச் செவிப்புலன் இழப்பு எனப்படும். ஆண்டொன்றுக்கு 1,00,000 பேரில் ஏறத்தாழ 5 முதல் 20 பேர் வரை இதற்கு ஆளாகின்றனர். இவர்களுட் பெரும்பாலோரிடத்து நோயின் காரணம் புலப்படுவதில்லை. ஆகையால், 'ஏன் வந்தது?' என்னும் வினாவிலும் 'கேள்வி மீளுமா?' என்னும் வினாவே நோயாளிக்கும் வைத்தியருக்கும் முதன்மையாயிற்று.

மீட்சியை முன்னறியும் முயற்சி தமிழர்க்குப் புதியதன்று. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், மருத்துவன் கருதவேண்டியவற்றுள் நோயாளியின் நிலை, பிணியின் அளவு, காலம் என்னும் மூன்றையும் வைக்கின்றது. உரைகண்ட பரிமேலழகர் நோயாளியின் பருவத்தையும் வலிமையையும் சுட்டுவதோடு, பிணியைச் சாத்தியம், அசாத்தியம், யாப்பியம் எனவும் வகுத்துக் காட்டுகின்றார். தீருவது, தீராதது, தீராதெனினும் தாங்கி நடத்தத்தக்கது என அவற்றைக் கொள்ளலாம்.

மேனாட்டு மருத்துவம் யாழ்ப்பாணத்தில் வேரூன்றியபோது, நோயாளியை எம்மொழியில் வினவுவது என்னும் பிரச்சினையும் எழுந்தது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றியதோடு, தமது இரண்டாவது பணிக்காலத்தில் (1862–1873) மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவங் கற்பித்தார். 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்கள் அம்முயற்சியின் விளைவுகளாகும். நோயாளியின் மொழியிற் பயின்ற வைத்தியனே அவனது விடையின் நுட்பத்தை அறிவான் என்பதற்கு இந்நோய் தக்க சான்றாகும். 'மயக்கம்' என்று ஒருவர் கூறும்போது, உலகமே சுழல்வதாகத் தோன்றியதா, நினைவு தடுமாறியதா என்று பிரித்துக் கேட்டல் வேண்டும். செவியிழப்புடன் தலைச்சுற்று நேர்ந்திருப்பின் மீட்சிக்கான வாய்ப்புக் குறைவென்பது பின்னர் கண்டறியப்பட்டது.

1944இல் டச்சு வைத்தியர் டி கிளைன் இந்நோயைத் தனியாக விவரித்தார். அதன் மீட்சியை அளவிட்டு வகுக்கும் முறையை 1975இல் சீகல் அமைத்தார். 1977இல் மற்றொக்ஸ், சிமன்ஸ் ஆகிய இருவரும் 88 நோயாளரை ஆராய்ந்து, 65 விழுக்காட்டினர் மருந்தின் துணையின்றியே பயன்படத்தக்க கேள்திறனை மீளப்பெற்றனர் என்றனர். 1980இல் வில்சன் குழுவினர் நடத்திய சோதனையில் ஸ்டெரொயிட் பெற்றோருள் 61 விழுக்காட்டினரும், பெறாதோருள் 32 விழுக்காட்டினரும் மீண்டனர். 1984இல் பைல் என்பார் எட்டாண்டுகளில் தாம் கண்ட 225 நோயாளரைக் கொண்டு மீட்சியை முன்னறிவதற்கான அட்டவணையொன்றை வகுத்தார். வயது, தலைச்சுற்று, இழப்பின் அளவு, கழிந்த நாட்கள் ஆகியன அதில் இடம்பெற்றன. முதல் ஏழு நாட்களுள் வந்தோரில் 56 விழுக்காட்டினர் மீண்டனர். முப்பது நாட்களின் பின் வந்தோரில் 27 விழுக்காட்டினரே மீண்டனர்.

இவ்வெண்களை ஆராயாது ஏற்றல் தகாது. விரைந்து வந்தோருள், வாராதிருந்தாலும் தாமாகவே குணமடைந்திருக்கக்கூடியோரும் அடங்குவர். பிந்தி வந்தோர் பெரும்பாலும் அவ்வாறு குணமடையாது எஞ்சியோர். எனவே வேறுபாடு முழுவதையும் தாமதத்தின் மேலேற்ற இயலாது. எனினும், ஸ்டெரொயிட் சிகிச்சையைத் தொடங்குவதாயின் இரு வாரங்களுக்குள் தொடங்குக என்பதே 2019இல் திருத்தப்பட்ட அமெரிக்க வழிகாட்டலின் நிலைப்பாடாகும்.

பைலின் அட்டவணையில் ஈண்டு உற்றுநோக்கத்தக்கது ஒன்றுண்டு. அதன் கூறுகளுள் இழப்பின் அளவு மட்டுமே கருவியால் அறியப்படுவது. ஏனைய மூன்றும் வினவி அறியப்படுவன. கருவியுங்கூட நோயாளி கேட்டதாகக் குறிகாட்டினாலன்றிப் பயன்படாது. 1834இல் வெபர் விளக்கிய இசைக்கவைச் சோதனையும் ஒரு வினாவே. நெற்றியில் வைத்த கவையின் ஒலி எக்காதிற் கேட்கின்றது? குறும்பி அடைத்திருப்பின் அடைத்த காதிலும், உட்செவி பழுதுற்றிருப்பின் நல்ல காதிலும் கேட்கும்.

வினவல் 1982இல் இன்னொரு படியை எய்தியது. வென்றி, வைன்ஸ்ரைன் என்போர் செவிக்குறையால் முதியோர் உறும் இடர்களை 25 வினாக்களால் அளவிடும் வினாக்கொத்தை உருவாக்கினர். மீட்சி என்பது தெசிபெல் மட்டுமன்று என்பதை அஃது உணர்த்திற்று. ஒரு காதின் புலன் பாதியளவே மீண்டவர், வீதியில் வாகனம் எத்திசையில் வருகின்றதென அறியாது தடுமாறக்கூடும். மறுபுறம், எவ்வினாக்கொத்தும் ஒரு கூட்டத்தினரின் வாய்ப்பையே கூறும். தனியொருவரின் விதியை உறுதிசெய்யாது. வாய்ப்புக் குறைந்தவர் என்று கணிக்கப்பட்டதற்காக எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படலாகாது.

அன்று மூன்றாக வகுக்கப்பட்ட நோயாளியின் நிலையும் பிணியின் அளவும் காலமும் இன்றும் அட்டவணைகளின் அடிப்படையாய் இருத்தல் இவ்வரலாற்றால் விளங்கும். தீவகத்துக் கிராமமொன்றில் நுண்கருவி இல்லாதிருக்கலாம். ஆயினும், 'எந்நாளில் கேளாது போயிற்று? அப்போது உலகம் சுழன்றதா? கவையின் ஒலி எக்காதிற் கேட்கின்றது?' என்று தமிழில் கேட்பதற்கு ஓர் இசைக்கவையும் பொறுமையும் போதும். விடை உட்செவியைச் சுட்டுமாயின், நோயாளி அன்றே தாம்போதியைக் கடத்தல் வேண்டும்.