நட்புப் பொம்மைகள்

1927ஆம் ஆண்டு அமெரிக்கக் குழந்தைகள் ஜப்பானின் தொடக்கப் பள்ளிகளுக்கும் மழலையர் பள்ளிகளுக்கும் அன்பளிப்பாக அனுப்பிய 12,739 பொம்மைகள் இப்பெயரால் வழங்குகின்றன. ஜப்பானியர் இவற்றை 'நீலக்கண் பொம்மை' என்பர். நொகுச்சி உஜோ 1921இல் எழுதிய சிறுவர் பாடலின் பெயர் அது. பாடல் இப்பொம்மைகளைப் பற்றியதன்று. பெயர் மட்டும் பின்னர் இவற்றோடு ஒட்டிக்கொண்டது.

தோற்றம்

திட்டத்தை வகுத்தவர் சிட்னி குலிக் (1860–1945). மார்ஷல் தீவுகளில் சமயப் பணியாளர் குடும்பத்தில் பிறந்த இவர், 1888 முதல் 1913 வரை ஜப்பானில் சமயப் பணியும் ஆசிரியப் பணியும் செய்தார். நாடு திரும்பியபின், அமெரிக்காவில் வளர்ந்துவந்த ஜப்பானியர் வெறுப்பை எதிர்த்து இடைவிடாது எழுதியும் பேசியும் வந்தார். ஆயினும் 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஜப்பானியருக்குக் கதவை முற்றாக அடைத்தது. அது அநீதியான சட்டம். பெரியவர்களின் மனத்தை மாற்ற இயலாது என்று கண்ட குலிக் குழந்தைகளிடம் சென்றார்.

ஜப்பானில் மார்ச் 3 பெண் குழந்தைகளுக்குரிய பொம்மைத் திருநாள். நம் கொலுவைப் போலவே படிகளில் சிவப்புத் துணி விரித்து, அரசர், அரசி, பணிப்பெண்கள் என்று பொம்மைகளை வரிசையாக வைப்பார்கள். அந்நாளுக்கு அமெரிக்கப் பொம்மைகளை விருந்தாளிகளாக அனுப்புவது குலிக்கின் எண்ணம். அவர் முன்னின்று அமைத்த குழந்தைகளின் உலக நட்புக் குழுவின் வேண்டுகோளை ஏற்று, பள்ளிகளிலும் ஞாயிறு வகுப்புகளிலும் பிள்ளைகள் காசு சேர்த்துப் பொம்மை வாங்கினர். உடைகளைப் பெரும்பாலும் சிறுமியரும் தாய்மாருமே தைத்தனர். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பெயர், கடவுச்சீட்டு, கப்பல் பயணச்சீட்டு, பிள்ளைகள் எழுதிய கடிதம் ஆகியவை இருந்தன. சாய்த்தால் 'மாமா' என்று குரல் கொடுக்கும் பொம்மைகளும் பல. கடவுச்சீட்டோடு கடல் கடந்த பொம்மையைக் கையில் ஏந்திய ஆறு வயதுப் பிள்ளைக்கு, அமெரிக்கா வரைபடத்தில் உள்ள ஒரு வண்ணமாக மட்டும் இருந்திருக்காது.

ஜப்பானில் வரவேற்பு ஏற்பாட்டை ஏற்றவர் தொழில் முன்னோடி ஷிபுசாவா எயிச்சி. 1927இல் அவருக்கு 87 வயது நிறைந்தது. கல்வி அமைச்சகத்தின் துணையோடு பொம்மைகள் நாடெங்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. பள்ளிகள் வரவேற்பு விழா எடுத்தன.

மறுமொய்

அதே ஆண்டின் இறுதியில் ஜப்பான் 58 ஜப்பானியப் பொம்மைகளை அமெரிக்காவுக்கு மறுமொய்யாக அனுப்பியது: மாவட்டங்களின் சார்பில் 47, பெருநகரங்களின் சார்பில் 6, அன்றைய ஆட்சிப்பகுதிகளின் சார்பில் 4, அரச குடும்பத்தின் சார்பில் 1. ஏறத்தாழ 80 செ.மீ. உயரம், பட்டுக் கிமோனோ, கைவினைஞர் வடித்த முகம். இவற்றுக்காகப் பள்ளிச் சிறுமியர் ஆளுக்கு ஒரு சென் கொடுத்தனர். இப்பணியால் புகழ்பெற்ற பொம்மைக் கலைஞர் ஹிராதா கோயோ, 1955இல் வாழும் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டார்.

போர்க்காலம்

அமெரிக்காவுடன் போர் மூண்டபின், 1943 அளவில், ஜப்பானில் இருந்த அமெரிக்கப் பொம்மைகள் எதிரியின் பொம்மைகள் ஆயின. கல்வி அதிகாரிகளின் தூண்டுதலால் பெரும்பாலானவை எரிக்கப்பட்டன, உடைக்கப்பட்டன. சில பள்ளிகளில் பிள்ளைகள் முன்னிலையிலேயே அது நடந்தது. விழா எடுத்து வரவேற்ற அதே பள்ளி முற்றங்களில் இது நிகழ்ந்தது என்பது இவ்வரலாற்றின் ஆறாத புண். ஆசிரியர்கள் சிலர் மட்டும் பொம்மைகளைக் கூரைக்கு அடியிலும் பண்டக அறைகளிலும் ஒளித்துவைத்தனர். அகப்பட்டால் தேசத்துரோகப் பழி வரும் என்று அறிந்தே அதைச் செய்தனர். 1970களில் இருந்து அவை ஒன்றொன்றாக வெளிவந்தன. இதுவரை கிடைத்தவை 300க்குச் சற்று மேல்.

இன்றைய நிலை

எஞ்சியவை ஜப்பானியப் பள்ளிகளிலும் அருங்காட்சியகங்களிலும் உள்ளன. அமெரிக்கா சென்ற 58இல் 40க்கு மேற்பட்டவை இருக்குமிடம் தெரியவந்துள்ளது. குலிக்கின் பேரன் தம் மனைவியுடன் ஜப்பானியப் பள்ளிகளுக்குப் புதிய பொம்மைகளை அனுப்பிவந்தார்.