கொல்லிமலை ஏற 12 ஸ்பீடு தேவையா? சைக்கிள் கியரை மாற்றும் முன் பின் சக்கரத்தைப் பாருங்க!

சேலத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் சமவெளியில் மிதிக்கும்போது 21 ஸ்பீடு எம்.டி.பி சைக்கிளின் பாதி கியர்கள் சும்மாதான் கிடக்கும். காரவள்ளியைத் தாண்டி, கொல்லிமலையின் முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதுதான் கதை மாறும். மொத்தம் 70 வளைவுகள். ஏற்காடு பக்கம் போனாலும் 20 இருக்கு. முன்னால் இருப்பதிலேயே சின்ன பல்சக்கரம், பின்னால் பெரியது என்று போட்டாச்சு; அதுக்கு மேல கியரைக் குறைக்க வழியில்லை. முட்டி கெஞ்சும். வீடு திரும்பியதும் பலர் ஆன்லைனில் தேடுவது, '12 ஸ்பீடு கிட்'.

கொஞ்சம் பொறுங்க. லாரித் தொழில் தெரிந்த நாமக்கல்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்: மலை ஏற எத்தனை கியர் இருக்கு என்பது கணக்கில்லை, ஃபர்ஸ்ட் கியர் எவ்வளவு இறங்கும் என்பதுதான் கணக்கு.

முதலில் ஹப்

பட்ஜெட் எம்.டி.பி-களில் பெரும்பாலும் இருப்பது ஃப்ரீவீல். மரை போட்ட ஹப்பில் பல்சக்கரத் தொகுதி மொத்தமாகத் திருகப்பட்டிருக்கும். விலை கூடிய சைக்கிள்களில் இருப்பது கேசட். அதில் ஃப்ரீவீல் வேலையை ஹப்பே செய்யும். பல்சக்கரங்கள் அதன்மேல் செருகப்பட்டிருக்கும். ஒன்றுக்கான ஹப்பில் மற்றது ஏறாது.

உங்களிடம் எது இருக்கு? பின் சக்கரத்தைக் கழற்றி, பல்சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுற்றுங்க. டூல் மாட்டுகிற பள்ளங்களும் சேர்ந்து சுற்றினால் கேசட்; அவை அசையாமல் நின்றால் ஃப்ரீவீல்.

ஃப்ரீவீல் என்றால் 12 ஸ்பீடு ஆசைக்கு ஹப்பையோ, சக்கரத்தையோ மாற்ற வேண்டிவரும். கேசட் ஹப் என்றாலும் நிம்மதி இல்லை. 10 பல்லில் தொடங்கும் ஷிமானோ 12 ஸ்பீடு கேசட்டுக்கு 'மைக்ரோ ஸ்ப்ளைன்' என்ற தனி ஹப் அமைப்பு வேண்டும். ஷிஃப்டர், டிரெய்லியர் (செயினைத் தள்ளி கியர் மாற்றும் கருவி), செயின் என்று கூட்டிப் பார்த்தால் சைக்கிள் விலையையே தொட்டுவிடும். 8, 9 ஸ்பீடில் மரை ஃப்ரீவீலும் கிடைக்கிறதே என்றால், கிடைக்கும்தான். ஆனால், அகலம் கூடக் கூட பேரிங் உள்ளே தள்ளிப்போய், ஆக்ஸில் வளையும் ஆபத்து அதிகம். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

6 பல் செய்யும் வேலை

7 ஸ்பீடு ஃப்ரீவீலில் பரவலாக இருப்பது 14-28. ஷிமானோவின் 'மெகாரேஞ்ச்' ஃப்ரீவீல் 14-34. இரண்டிலும் 14, 16, 18, 20, 22, 24 வரை ஒரே வரிசைதான். கடைசி ஒன்று மட்டும் 28-க்குப் பதில் 34. முன்னால் 24 பல் என்றால், பெடல் ஒரு சுற்றுக்கு 26 இன்ச் சக்கரம் இதுவரை சுமார் 1.75 மீட்டர் போயிருக்கும்; இனி 1.45 மீட்டர். கிட்டத்தட்ட 18 சதவிகிதம் லேசு. பழைய ஹப், பழைய ஷிஃப்டர் அப்படியே போதும். குறை ஒன்று உண்டு. 24-லிருந்து 34-க்குத் தாவும்போது கால் சட்டென வெறுமையாகச் சுற்றும். பழகிடும்.

டிரெய்லியர் மட்டும் இதைத் தாங்குமா என்று பார்க்கணும். ஒவ்வொரு மாடலுக்கும் 'அதிகபட்சப் பல்', 'மொத்தக் கொள்ளளவு' என்று இரண்டு எண்கள் உண்டு. முன்னால் 42-34-24 என்றால் வித்தியாசம் 18; பின்னால் 34-14 = 20; ஆக 38. ஷிமானோ டூர்னி டி.ஒய்.300-ன் எண்கள் 34, 43. தாராளம்.

செயின் நீளத்தையும் விடக்கூடாது. முன்னால் பெரியது, பின்னால் 34, இரண்டிலும் செயினை டிரெய்லியர் வழியாக விடாமல் சுற்றி, முனைகள் சேரும் இடத்திலிருந்து 2 கண்ணி கூடுதலாக இருக்கணும். குறைந்தால், தவறிப்போய் அந்த கியருக்கு மாற்றும் நொடியில் டிரெய்லியர் பிய்ந்துவிடும். நடு மலையில் அது நடந்தால் தள்ளிக்கொண்டுதான் வரணும்.

ஸ்பீடைக் கூட்டியே ஆகணும்னா?

ஷிஃப்டரை ஒரு 'க்ளிக்' அழுத்தினால் செயின் சரியாக ஒரு பல்சக்கரம் நகரும் முறையை ஷிமானோ கொண்டுவந்தது 1984-ல். அதற்கு முன் லீவரைக் கையால் அனுமானித்து இழுப்பதுதான். ஏறக்குறைய எதோடும் எது சேர்ந்தாலும் ஓடும். க்ளிக் வந்த பிறகு, கேபிள் எத்தனை மில்லிமீட்டர் இழுபடுகிறது, அதற்கு டிரெய்லியர் எவ்வளவு நகர்கிறது என்பதெல்லாம் பொருந்தியாகணும்.

ஷிமானோவின் 7, 8, 9 ஸ்பீடு எம்.டி.பி டிரெய்லியர்களுக்கு இந்தக் கணக்கு ஒன்றுதான். 10 ஸ்பீடு எம்.டி.பி-யில் மாற்றிவிட்டார்கள். ஆகவே 9 ஸ்பீடு ஷிஃப்டருடன் 10 ஸ்பீடு டிரெய்லியர் சேராது. செயினிலும் அப்படித்தான்: 6, 7, 8-க்கு ஒரே செயின், 9 முதல் ஒடுங்கிக்கொண்டே போகும். கேசட் ஹப் இருப்பவர்கள் 9 ஸ்பீடுக்கு மாறுவது சிக்கனமான வழி; ஷிஃப்டர், கேசட், செயின் மூன்றையும் சேர்த்து வாங்கணும்.

கடையில் 'பெரிய கியர் வேணும்' என்று பொதுவாகக் கேட்காதீங்க. '7 ஸ்பீடு, மரை ஃப்ரீவீல், 14-34' என்று சொல்லுங்க. பழையதைக் கழற்ற அதற்கான டூலும் நல்ல பலமும் வேண்டும் என்பதால் மெக்கானிக்கிடமே விட்டுவிடலாம். அப்படியே பிரேக் பேடு, கேபிள்களையும் பார்க்கச் சொல்லுங்க. ஏறிய 70 வளைவுகளையும் இறங்கி வரணுமே!